வெள்ளைப் பொட்டு வைத்த மரம்

புயல் ஓய்ந்த காலையில் தெருவில் இறங்கிய காத்தக்காவின் கண்ணில் வேறெதுவும் படவில்லை. யார் வீட்டுக் கூரை பறந்தது, எந்தக் கம்பம் சாய்ந்தது என்று ஊரே வாசலில் நின்று கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தது. அவள் ஒடிந்து கிடந்த கிளைகளைத் தாண்டித் தாண்டி விறுவிறுவென்று நடந்தாள். மூலை திரும்பும் இடத்தில் மட்டும் ஒரு கணம் கண்ணை மூடிக்கொண்டாள். திறந்தபோது மரம் நின்றது.

"நிக்கிறியா? நில்லு, நில்லு," என்றாள் அதைப் பார்த்து, ஏதோ ஓடப் போகிற மாட்டிடம் சொல்கிற மாதிரி.

காத்தக்கா என்பது தெரு வைத்த பெயர். சைக்கிளுக்குக் காற்றடித்துப் பஞ்சர் ஒட்டுகிறவளை வேறெப்படிக் கூப்பிடுவது? அவளைவிட மூத்தவரான தபால்காரர்கூட அக்கா என்றுதான் கூப்பிடுவார். கேட்டால், "காத்துக்கு ஏதும்மா வயசு?" என்பார்.

அந்த மரத்தடிதான் கடை. அடிமரத்தில் அடித்த ஆணிகளில் பழைய டியூப்கள் தொங்கும். காற்றடிக்கும் பம்பு சங்கிலி போட்டு மரத்தோடு பூட்டியிருக்கும். கிளையில் கட்டிய தார்ப்பாய், தெருப் பக்கம் வந்தவர்கள் உட்கார ஒரு பெஞ்சு, பின்னால் சுவர்ப் பக்கம் டியூப்பை முக்கிப் பார்க்க ஓர் இரும்புத் தொட்டி. அந்தத் தொட்டியில் எப்போதும் ஒரே அளவுக்குத்தான் தண்ணீர் ஊற்றுவாள். ஊற்றி ஊற்றி உள்சுவரைச் சுற்றி மோதிரம் மாட்டியதுபோல் ஒரு துருக்கோடு விழுந்திருந்தது.

அன்றும் வந்ததும் வராததுமாகத் தொட்டியைக் கழுவித் தண்ணீர் ஊற்றினாள். ஊற்றியவள் கை அப்படியே நின்றது. மரத்தை ஒட்டிய பக்கம் தண்ணீர் துருக்கோட்டை முழுக்கி மேலே ஏறியிருந்தது. சுவர்ப் பக்கம் கோடு வெளியே தெரிந்தது. தொட்டி நெளிந்துவிட்டதா என்று தட்டிப் பார்த்தாள். தொட்டிக்கு ஒன்றுமில்லை. அது உட்கார்ந்திருந்த தரைதான் சாய்ந்திருந்தது.

தொட்டிக்கும் சுவருக்கும் நடுவே குனிந்து பார்த்தாள். கொதிக்கும் பானையின் மூடி ஒரு பக்கம் தூக்கிக்கொள்வதுபோல் மண் தூக்கியிருந்தது. விளிம்பில் வளைவாக ஒரு வெடிப்பு. விரலை விட்டாள். விரல் போய், உள்ளங்கையும் போயிற்று.

இதற்கு என்ன அர்த்தம் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவன் அவளுடைய சொந்தத் தம்பி.

தம்பி மாநகராட்சியில் மரத்துக்குச் சாயம் அடிக்கிறவன். முன்பு மரம் ஏறிக் கிளை வெட்டினான். கயிறு அறுந்து விழுந்து கால் ஒடிந்தது. அக்காதான் அவனைத் தன் வீட்டுக்குக் கொண்டுவந்து, நடக்க வைத்து, பல் தேய்க்கவும் திட்டி எழுப்பினாள். கால் கூடியும் நொண்டல் மட்டும் தங்கிவிட்டது. மரத்தைப் பற்றித் தெரிந்தவன் என்பதால் ஒரு மரச்சுத்தியலும் சாயப் புட்டியும் கொடுத்துப் பார்வையிடும் வேலைக்கு மாற்றினார்கள். அன்றிலிருந்து ராத்திரிச் சாப்பாட்டுக்கு அந்த வீட்டில் மரம்தான் தொட்டுக்கொள்ள.

சாதாரண நாளில் மரம் வெட்ட வேண்டுமென்றால் மனுக் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். புயலுக்குப் பிறகு மட்டும் ஓர் அவசர உத்தரவு வரும். அது நடப்பில் இருக்கும்வரை மனுவும் கிடையாது, அனுமதியும் கிடையாது, சாயம்தான் சட்டம். சிவப்பில் பெருக்கல் குறி போட்டால் ஆபத்தான மரம், உடனே வெட்டலாம். மஞ்சள் வளையம் போட்டால் கிளையை மட்டும் கழிக்கலாம். வெள்ளைப் பொட்டு வைத்தால் கிட்டே போகக் கூடாது. மீறி வெட்டினால் அபராதம்.

"மூணு பாக்கணும்க்கா," என்பான் தம்பி, வாயில் சோற்றை வைத்துக்கொண்டே. "தட்டுனா பொக்குன்னு சத்தம் வருதா, கெள பிரியற கவை பொளந்திருக்கா, அடியில மண்ணு வெடிச்சிருக்கா. மொத ரெண்டு இருந்தாக்கூட யோசிக்கலாம். மண்ணு தூக்கியிருந்தா யோசனையே கெடையாது. வேரு கைய விட்டுருச்சுன்னு அர்த்தம். இன்னிக்கு நிக்கும், நாளைக்கு நிக்கும், ஒரு நாள் காத்தே இல்லாதப்போ படுத்துக்கும்."

அப்போது அவள், "பேசாம சாப்புடுடா, சோறு ஆறுது," என்றுதான் சொன்னாள். ஆனால் காது கேட்டுக்கொண்டிருந்தது.

இன்னொன்றும் அவளுக்குத் தெரியும். நடைபாதை சாலைப் பிரிவைச் சேர்ந்தது. மரத்தைச் சுற்றியிருக்கும் வட்டம் பூங்காப் பிரிவைச் சேர்ந்தது. சாலைக்காரர்கள் நடைபாதையில் ஒரு முக்காலியைக்கூட விட்டுவைக்க மாட்டார்கள். பூங்காக்காரர்கள் கண்டுகொள்வதில்லை, தொட்டித் தண்ணீரைத் தினமும் வேருக்குத்தானே ஊற்றுகிறாள். மரம் இருக்கும்வரை வட்டம், வட்டம் இருக்கும்வரை கடை. போன புயலில் அடுத்த தெருவில் சாவி செய்கிறவரின் மரம் வேரோடு போனது. அந்த வாரமே கல் பாவி மட்டம் செய்துவிட்டார்கள். இப்போது அவர் பெட்டியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, "சாவி, சாவி" என்று தெருத்தெருவாகக் கூவிப் போகிறார். பம்பையும் தொட்டியையும் கழுத்தில் மாட்ட முடியுமா?

அவள் வீட்டுக்குத் திரும்பிப் போய்ப் புருஷனை எழுப்பினாள். அவர் கிடங்கில் மூட்டை தூக்குகிறவர். புயலால் கிடங்கு பூட்டிக் கிடந்தது.

"ஏங்க, வாங்க. நாலு கல்லு தூக்கணும்."

புயல் அடித்த தெருவில் கல்லுக்கா பஞ்சம்? விழுந்த மரங்கள் பெயர்த்துப் போட்ட நடைபாதைக் கற்கள் மூலைக்கு மூலை கிடந்தன. அவள் வெடிப்பில் செங்கல் துண்டுகளைத் திணித்து, மண்ணைக் கொட்டி மிதித்து, தண்ணீர் ஊற்றி மறுபடியும் மிதித்தாள். அதன் மேல் அவர் கற்களை வரிசையாகப் பரப்பினார்.

"உன் தம்பிக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு?" என்றார் அவர், முதுகைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து. "அவன் பொழப்பே இதப் பாக்கறதுதான்."

"அவன் மரத்தப் பாப்பான். அக்கா கடையிலே டயரத் தூக்கியா பாப்பான்?"

சொல்லிக்கொண்டே பழைய டயர்களை எடுத்துக் கற்களின் மேல் அடுக்கினாள். கடைசியாகத் தொட்டிக்கு வந்தாள். தேய்ந்த டயரில் ஒரு துண்டு அறுத்து, மரப் பக்கம் தொட்டிக்கு அடியில் செருகினாள். தண்ணீர் துருக்கோட்டுக்கு வந்து நின்றது.

"புயலுக்கே விழாத மரம்," என்றாள். "இனி எதுக்கு விழப் போகுது?"

அவர் கையைத் தட்டிவிட்டு, மேலே கிளைகளை ஒரு தடவை பார்த்தார். பிறகு தான் நின்றிருந்த இடத்திலிருந்து இரண்டெட்டு நகர்ந்து நின்றார்.

மதியத்துக்கு மேல் தம்பி வந்தான். சட்டையெல்லாம் மூன்று நிறச் சாயம்.

"என்னக்கா, நேத்து புயல்காரன் ஊருக்கே ஓசியில காத்தடிச்சுட்டுப் போயிட்டான். உன் யாவாரம் போச்சே!"

"போடா. தெரு பூரா ஆணியும் கண்ணாடியும் கெடக்கு. வர்ற வண்டியெல்லாம் பஞ்சரு. கைய ஓய விடல."

அவன் சிரித்துக்கொண்டே சுத்தியலால் அடிமரத்தைச் சுற்றித் தட்டினான். டங், டங் என்று கல்லைத் தட்டியதுபோல் சத்தம் வந்தது. கழுத்தை நீட்டிக் கவையைப் பார்த்தான். பிறகு சுற்றிச் சுவர்ப் பக்கம் வந்தான். டயர் அடுக்கின் முன் நின்றான். அவள் டியூப்பைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். தேய்த்த இடத்தையே மறுபடி தேய்த்தாள்.

"அடியில மண்ணு எதுவும் வெடிச்சிருக்காக்கா?"

இதை அவள் எதிர்பார்க்கவில்லை. அவனாகப் பார்த்து ஏமாந்து போவான் என்றுதான் நினைத்திருந்தாள். வாயைத் திறந்து கேட்பான் என்று நினைக்கவில்லை.

"இல்லடா."

"பாத்தியா நல்லா?"

"நாள் பூரா இங்கதான் குந்தியிருக்கேன். எனக்குத் தெரியாதா?"

அவன் தலையாட்டினான். வெள்ளைச் சாயப் புட்டியைக் குலுக்கினான். அடிமரத்தில் ஒரு பொட்டு விழுந்தது. விரலால் ஓரத்தைத் துடைத்து வட்டமாக்கினான்.

"அக்கான்னு வெக்கல. மரம் நல்லாருக்குன்னுதான் வெச்சேன். எவனும் என்னக் கேக்க முடியாது," என்றான் பெருமையாக. அவளுக்கு டியூப் கையிலிருந்து நழுவித் தொட்டியில் விழுந்தது.

எதிர்ச் சாரியில் மருந்துக்கடைக்காரர் இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் கடைப் பெயர்ப்பலகையை இந்த மரம் மறைக்கிறது என்பது அவருடைய தீராத நோவு. தம்பி போனதும் தெருவைக் கடந்து வந்தார்.

"வீட்டு ஆளே வந்து பொட்டு வெச்சாச்சு போல. என் கண்ணுக்கு மரம் சாஞ்சாப்ல தெரியுதே."

"உங்க கண்ணுக்கு அது எப்ப நேரா நின்னுச்சு? நீங்க போர்டு மாட்டுன அன்னிலேருந்து சாஞ்சுதான நிக்குது."

பெஞ்சில் இருந்த தபால்காரர் வாய்விட்டுச் சிரித்தார். மருந்துக்கடைக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார். காத்தக்காவும் சிரித்தாள். ஆனால் அவர் கண் பொய் சொல்லவில்லை என்பது அந்த மூவரில் அவளுக்கு மட்டும்தான் நிச்சயமாகத் தெரியும்.

மறுநாள் காலை தொட்டியில் தண்ணீர் ஊற்றினாள். மரப் பக்கம் துருக்கோடு மறுபடி முழுகியிருந்தது. அதிகமில்லை, ஒரு நூல் அளவு. இன்னொரு ரப்பர் துண்டை அறுத்துச் செருகினாள். தண்ணீர் கொஞ்சம் ஆடி, கோட்டுக்கு வந்தது. அவள் அதைக் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். பஞ்சர் எங்கே என்று காட்டிக்கொடுக்கிற தண்ணீர் அது. டியூப் எத்தனை நல்லதாகத் தெரிந்தாலும் ஓட்டை இருந்தால் குமிழி விடும். ஒரு நாளும் அவளிடம் அது பொய் சொன்னதில்லை.

அன்று பெஞ்சைத் தெருப் பக்கத்திலிருந்து இழுத்துச் சுவரோரம் போட்டாள். மரம் படுத்தால் தெருப் பக்கம்தான் படுக்கும்.

"என்னக்கா, பெஞ்சு சந்துக்குள்ள பூந்துருச்சு?" என்றார் தபால்காரர்.

"அங்க வெயிலு."

"மேகம் இன்னும் கலையவே இல்ல, எங்கேருந்து வெயிலு? எங்கள ஒளிச்சு வெச்சு யாருகிட்டேருந்து காப்பாத்துற?"

"ஆமா, உங்களத் தூக்கிட்டுப் போக வரிசையில நிக்கிறாங்க. உக்காருங்க பேசாம."

உட்கார்ந்தார். ஆனால் எல்லாரையும் பிடித்து உட்கார வைக்க முடியவில்லை. காற்றடிக்க வந்தவர்கள் தெருப் பக்கமே நின்றார்கள். கைக்குழந்தையோடு ஒருத்தி சைக்கிளை நிறுத்திவிட்டுச் சரியாக அந்த இடத்தில் நின்று பிள்ளைக்கு வேடிக்கை காட்டினாள். காத்தக்கா என்றைக்கும் இல்லாத வேகத்தில் காற்றடித்து அவளை அனுப்பி வைத்தாள். மேலே இலை அசைந்தால் கை நின்றது. புயலடித்தபோதுகூட வீட்டில் நிம்மதியாகத் தூங்கியவள் இப்போது சிறு காற்றுக்கும் அண்ணாந்து பார்த்தாள். அடுத்த காலையும் ஒரு ரப்பர் துண்டு வேண்டியிருந்தது.

அன்று ராத்திரி தம்பி சாப்பாட்டில் உட்கார்ந்தும் பேசவில்லை. அது அந்த வீட்டில் நடக்காத விஷயம்.

"என்ன மாப்ள, மரத்துக்கெல்லாம் இன்னிக்கு லீவா?" என்றார் காத்தக்காவின் புருஷன்.

"ஆத்துக்கு அந்தப் பக்கம் ஒரு மரம் விழுந்துருச்சு மாமா. வெள்ளப் பொட்டு வெச்ச மரம். கீழ நின்ன வண்டிக்காரரு அங்கேயே முடிஞ்சுட்டாரு." தட்டில் விரலால் கோடு போட்டான். "பொட்டு வெச்சவன் எங்கூட மரம் ஏறுனவன். அவனப் போலீசு கூட்டிட்டுப் போயிருச்சு. அவம் பொண்டாட்டி ஆபீஸ் வாசல்ல உக்காந்து கத்துது. உள்ள ஒருத்தரும் வாயத் தொறக்கல. சாயம் அடிச்சவன்தான பொறுப்பு, மேல இருக்கறவனா வருவான்?"

காத்தக்கா கரண்டியை வைத்தாள்.

"நாளையோட உத்தரவு முடியுதுக்கா," என்றான் அவன். "நடப்பில இருக்கற வரைக்கும் வெச்சவனே போயி அழிச்சு மாத்திக்கலாம். முடிஞ்சுட்டா வெச்சது வெச்சதுதான், குழு கூடித்தான் மாத்தும். அதனால நாளைக்கு நான் வெச்ச வெள்ளையெல்லாம் இன்னொரு சுத்துப் போயிப் பாத்துட்டு வந்துரணும்."

"எல்லாத்தையுமா?" என்றாள் அவள்.

"உன்னோடது ஒண்ணு தவர," என்று சிரித்தான். "அதத்தான் நாள் பூரா நீயே பாக்கறியே."

அவள் எழுந்து தண்ணீர் கொண்டுவரப் போனாள். அடுக்களையில் அவள் புருஷன் பின்னாலேயே வந்து நின்றார்.

"கல்லப் போட்டது நானுந்தான்," என்றார் மெல்ல. "சொல்றதுன்னா சேர்ந்தே சொல்லுவோம்."

"கடைய எங்க கொண்டு போயி வெக்கறது?"

அவர் செம்பை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டு போனார்.

மறுநாள் காலை அவள் தொட்டிக்குத் தண்ணீரே ஊற்றவில்லை. காலி தொட்டி எதையும் சொல்லாது என்று நினைத்தாள். ஆனால் முதல் பஞ்சர் வந்ததும் ஊற்றத்தான் வேண்டியிருந்தது. மூன்று துண்டு ரப்பரையும் மீறி மரப் பக்கம் தண்ணீர் ஏறி நின்றது. டயர் அடுக்கின் உச்சியில் இருந்தவை சரிந்திருந்தன.

மதியம் காற்று கொஞ்சம் எழுந்தது. சாப்பாட்டு நேரத்துக்குத் தம்பி வந்தான். கூடவே கிளை வெட்டும் ஆட்கள், ஒரு லாரியோடு. வழியில் எல்லாரையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தான்.

"இங்க உக்காருவோம்ப்பா. நிழல் இருக்கு, எங்க அக்கா கடை. மரமும் நான் பாத்த மரம்."

தெருப் பக்கம், சரியாகச் சாய்வின் கீழ், எல்லாரும் தரையில் உட்கார்ந்து பொட்டலங்களைப் பிரித்தார்கள். தம்பி நடுவில் காலை நீட்டி, வெள்ளைப் பொட்டுக்கு நேர் கீழே முதுகைச் சாய்த்துக்கொண்டான்.

"டேய், இந்தப் பக்கம் வந்து உக்காரு."

"ஏன்க்கா, இங்க நல்லாத்தான இருக்கு."

"எறும்பு இருக்குடா அங்க."

"எறும்பு எங்களக் கடிக்காதுக்கா. மேல ஏறும்போதே பழகிருச்சு," என்றான் ஒரு வெட்டுக்காரன். எல்லாரும் சிரித்தார்கள்.

காற்று ஒரு வீச்சு வீசியது. தார்ப்பாய் படபடத்தது. அவள் தொட்டியைப் பார்த்தாள். தண்ணீர் மெதுவாக மரத்தின் பக்கம் போய், திரும்பி வந்தது. காற்று பட்டால் சிற்றலைதான் எழும். இது அலை இல்லை. தரை மூச்சு விடுவதுபோல் தூக்கி இறங்கியது.

"எந்திரிடா!" என்று கத்தினாள். "எல்லாரும் எந்திரிங்க! சோத்த அப்பறம் திங்கலாம். இந்தப் பக்கம் வாங்க, சீக்கிரம்!"

அவள் குரலில் இருந்ததைக் கேட்டு வெட்டுக்காரர்கள் பொட்டலத்தோடு எழுந்துவிட்டார்கள். தம்பிதான் சாவகாசமாகக் கையை ஊன்றி எழுந்தான்.

"என்னக்கா ஆச்சு உனக்கு?"

"டயரத் தூக்கு."

"எதுக்கு?"

"தூக்குடான்னா தூக்கு!"

அவனுக்கு முன் அவளே தூக்கி எறிய ஆரம்பித்தாள். டயர்கள் நடைபாதையில் உருண்டன. கீழே பரப்பிய கற்கள் ஒரு பக்கம் நிமிர்ந்து, பல் விழுந்த வாய் மாதிரி இளித்தன. ஒரு கல்லைப் பெயர்த்தாள். அவள் திணித்த செங்கல் துண்டுகள் உள்ளே எங்கோ இறங்கிப் போயிருந்தன. தம்பி மண்டியிட்டுக் கையை விட்டான். முழங்கை வரை போயிற்று. கையை வெளியே எடுக்காமல் அப்படியே இருந்தான்.

"இது எப்பக்கா?"

"புயலன்னிக்கே."

"நான் கேட்டேனே."

"கேட்ட."

"இல்லேன்னு சொன்னியே."

"சொன்னேன்."

அவன் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. கையை எடுத்து மண்ணைத் தட்டினான். எழுந்ததும் முதலில் லாரியிலிருந்து கயிறு எடுத்துவரச் சொன்னான். தெருவின் இரண்டு பக்கமும் கயிறு கட்டி ஆட்களை நிறுத்தினான். மருந்துக்கடைக்காரரிடம் போய்க் கதவை இறக்கிவிட்டுப் பின்வழியாகப் போகச் சொன்னான். அவர், "நான் அன்னிக்கே சொன்னேன்ல," என்று ஆரம்பித்தார். "சொன்னீங்க சார், இப்பக் கெளம்புங்க," என்றான். எல்லாம் முடிந்த பிறகு திரும்பி வந்து சிவப்புப் புட்டியைக் குலுக்கினான். வெள்ளைப் பொட்டின் மேல் பெருக்கல் குறி விழுந்தது. வெள்ளை முழுக்க மறையவில்லை. சிவப்புக்கு அடியில் கண் மாதிரித் தெரிந்தது.

பம்பின் பூட்டைத் திறந்து, டியூப்களை ஆணிகளிலிருந்து கழற்றி, அவளும் அவள் பொருள்களும் கயிற்றுக்கு வெளியே வந்தார்கள். தபால்காரர் வந்து தொட்டியின் ஒரு காதைப் பிடித்துத் தூக்கினார். அவர் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூட அவளுக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

மரத்தை மறுநாள் காலைதான் இறக்கினார்கள். ஏறக் கூடாது என்பதால் பளுதூக்கி வண்டி வந்தது. மேலிருந்து ஒவ்வொரு கிளையாக அறுத்து இறக்கினார்கள். காத்தக்கா கயிற்றின் இந்தப் பக்கம் கவிழ்த்த தொட்டியின் மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். கீழே கிளைகளை இழுத்து லாரியில் போடும் ஆட்களில் ஒருவன் நொண்டி நொண்டி நடந்தான். அவன் கையில் சாயப் புட்டி இல்லை. அது இன்னொருவன் இடுப்பில் தொங்கியது.

கிளையோடு அவளைக் கடந்தபோது அவள் எழுந்தாள்.

"ஆபீசர் என்னடா சொன்னாரு?"

"கால் மட்டும் நல்லாருந்தா மேல ஏறச் சொல்லியிருப்பாரு. இல்லாததால இழுக்கச் சொல்லிட்டாரு."

"நான் வந்து சொல்றேன். நாங்கதான் மூடி வெச்சோம்னு சொல்றேன். உன் மாமாவும் வரேன்னாரு."

"வந்து? ரெண்டு பேரும் கேசு வாங்கிட்டு உள்ள போனா எனக்குச் சோறு யாரு போடுவா?" கிளையைக் கீழே போட்டான். மூச்சு வாங்கியது. "சரியாப் பாக்கலன்னு சொன்னேன். அது பொய்யும் இல்ல."

"நான்தான பொய் சொன்னேன்."

"டயரு எப்பவும் அந்தப் பக்கம் இருக்காதுக்கா. தெருப் பக்கம்தான் அடுக்குவ. வந்தவுடனே கண்ணுல பட்டுச்சு." மரத்தைப் பார்த்துப் பேசினான். "ஒரு டயரத் தூக்கிப் பாத்திருந்தா போதும். தூக்கக் கை போச்சு. மனசு வரல. அதான் உன்கிட்ட வாயால கேட்டேன். நீ இல்லேன்னு சொன்னதும் பொட்டு வெச்சுட்டேன்."

அவன் கிளையை எடுத்து இழுத்துக்கொண்டு போனான். அவள் மறுமுனையைத் தூக்கிக்கொண்டு லாரி வரைக்கும் கூடவே போனாள். வெட்டுக்காரர்களின் மேஸ்திரி, "ஏம்மா, கயித்துக்கு அந்தப் பக்கம் போம்மா," என்று கத்தினார். காதில் விழாத மாதிரி நடந்தாள்.

நடுமரம் இறங்கி, கடைசியாக அடிமரத்தை இடுப்பளவில் அறுத்தபோது பூமிக்குள்ளிருந்து தும் என்று ஒரு சத்தம் கேட்டது. மேல் பாரம் போனதும் தூக்கியிருந்த வேர்க்கட்டு மொத்தமும் தன் குழிக்குள் திரும்ப உட்கார்ந்துகொண்டது. சுவரோரக் கற்கள் எகிறி விழுந்தன. வெட்டுக்காரர்கள் அதைப் பார்த்துப் பழகியவர்கள், ஒருவரும் திரும்பவில்லை. காத்தக்கா மட்டும் கிட்டே போய் வெடிப்பு இருந்த இடத்தைக் காலால் அழுத்திப் பார்த்தாள். வாய் மூடியிருந்தது.

"இது எப்ப தோண்டுவாங்க?" என்று மேஸ்திரியிடம் கேட்டாள், வேர்க்கட்டையைக் காட்டி.

"வேரு தோண்டுற மெஷினு ஊருக்கே ஒண்ணுதான்மா. விழுந்ததெல்லாம் முடிச்சுட்டு வரணும். எப்ப வரும்னு எனக்கென்ன தெரியும்?"

அவள் தம்பியைப் பார்த்தாள். அவன் தோளில் கயிற்றைச் சுற்றிக்கொண்டிருந்தான்.

"என்னப் பாக்காத. கட்ட இருக்கற வரைக்கும் வட்டம் பூங்காவோடதுதான்," என்றான். "அத நான் ஒண்ணும் சொல்லலப்பா. நான் சாப்புடும்போது பேசறதெல்லாம் யாரோ கேட்டுக்கிட்டிருக்காங்க."

வெடிப்பைப் பார்த்த பிறகு அவன் முகத்தில் சிரிப்பு மாதிரி ஏதோ வந்தது அப்போதுதான். வந்த வேகத்தில் போயும் விட்டது.

லாரி போன பிறகு தெருவே வேறு தெருவாகத் தெரிந்தது. வெயில் கூரையிலிருந்து தரை வரை நேராக விழுந்தது. மருந்துக்கடைப் பெயர்ப்பலகை மூலையிலிருந்தே பளிச்சென்று தெரிந்தது. மருந்துக்கடைக்காரர் வாசலில் நின்று அதை ஆசைதீரப் பார்த்தார். பிறகு உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் கண்ணாடி அலமாரிகளின் மேல் செய்தித்தாளை விரித்துக்கொண்டே வெளியே எட்டிப் பார்த்தார்.

"இந்தாம்மா, அந்தத் தார்ப்பாய எதுல கட்டப் போற?"

"ஏன் சார்?"

"மொத்த வெயிலும் உள்ள வருது. மருந்தெல்லாம் வீணாப் போகும். தெருவுக்குக் குறுக்கக் கட்ட முடியாதா?"

"குறுக்கக் கட்டுனா பஸ்ஸு போகாது சார்," என்றாள் அவள். "என் பாய் எனக்குத்தான் பத்தும். உங்களுக்கு வேணும்னா ஒரு மரம் வெச்சுக்கோங்க."

சொன்ன பிறகுதான் தான் கேலி பேசியது அவளுக்கே தெரிந்தது. நேற்று மதியத்திலிருந்து நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக் கிடந்தது.

தார்ப்பாயின் ஒரு முனையைச் சுவர்க் கம்பியிலும் மறுமுனையை ஊன்றிய ஒரு கழியிலும் கட்டினாள். நிழல் கைக்குட்டை அளவுக்குத்தான் விழுந்தது. பம்பை வேர்க்கட்டையைச் சுற்றிப் பூட்டினாள். தொட்டியைப் பழைய இடத்திலேயே, பழைய ரப்பர் துண்டுகளின் மேலேயே வைத்துத் தண்ணீர் ஊற்றினாள். இப்போது தண்ணீர் எதிர்ப் பக்கம், சுவரைப் பார்க்க ஏறி நின்றது. தொட்டியை ஒரு கையால் தூக்கிப் பிடித்து, அடியிலிருந்து ஒவ்வொரு துண்டாக உருவினாள். கடைசித் துண்டை எடுத்ததும் தண்ணீர் ஒரு தடவை ஆடி அடங்கியது. சுற்றிலும் துருக்கோட்டில் வந்து நின்றது.

துண்டுகளை என்ன செய்வதென்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். பஞ்சருக்கு ஒட்டுப்போட ஆகாத தடிமன். எறியவும் மனம் வரவில்லை. வேர்க்கட்டையின் மேல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்தாள்.

"அக்கா, பின் சக்கரத்துல காத்து நிக்கவே மாட்டேங்குது," என்று சைக்கிளைத் தள்ளிக்கொண்டு தபால்காரர் வந்தார். உட்கார இடம் தேடி, பெஞ்சைத் தானே இழுத்து, பழையபடி தெருப் பக்கம் போட்டுக்கொண்டார். "இப்பத்தான் நெஜமாவே வெயிலு," என்றார்.

அவள் டியூப்பை உருவி, காற்றடித்து, தொட்டியில் முக்கிச் சுற்றிக்கொண்டே வந்தாள். ஓரிடத்தில் குமிழி கிளம்பியது.

"இங்கதான் இருக்கு," என்று விரலை வைத்து அழுத்தினாள்.